ஓவியரின் அன்றாடமும் அயல்நாட்டுப் பயணமும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலை அடுத்த ஊரில் இருந்துகொண்டு ஓவியத்தை முழுநேரத் தொழிலாகச் செய்து வருகிறேன். வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிட வரும் பெற்றோர், கடற்கரையில் வரையும்போது பக்கத்தில் வந்து நிற்போர், வெளிநாட்டு வாய்ப்புத் தேடும் இளைய ஓவியர்கள் எனக் கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன. ஓரிடத்தில் சொன்னதை மற்றோரிடத்தில் திரும்பச் சொல்லாமல் கேள்வியின் எண்ணைச் சுட்டியிருக்கிறேன். விசா, சுங்கம், வரி ஆகியவற்றின் விதிகள் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் முன் நடப்பு அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

1. படம் வரையிறது சரி சாரே, வேலை என்ன பாக்குறீங்க?

அதுதான் வேலை. இந்த மாவட்டத்தில் தொழில்முறை ஓவியர் ஒருவரின் உழைப்பு பொதுவாக மூன்றாகப் பிரிகிறது. முதலாவது, பிறர் கேட்டு வாங்கும் படங்கள்: நடுவீட்டில் மாட்டுவதற்கு மறைந்த பெரியவர்களின் உருவப்படம், தேவாலயத்துக்குப் புனிதர் படம், கோயில் மண்டபச் சுவர், உணவகச் சுவர் என வருபவை. இரண்டாவது, யாரும் கேட்காமல் தன் விருப்பத்தில் வரைந்து கண்காட்சிக்கு அனுப்புபவை. மூன்றாவது, கற்பித்தல்.

முதலாவதும் மூன்றாவதும் வீட்டுச் செலவைத் தாங்குகின்றன. ஓவியரை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அழைத்துச் செல்வது இரண்டாவதுதான். உடனே காசு தராத அந்த வேலைக்கு நாளின் நல்ல நேரத்தை ஒதுக்குகிறவர்களுக்கே கீழே வரும் பயணக் கேள்விகள் உண்மையில் பயன்படும்.

2. மூடு வந்தா மட்டும்தான வரைவீங்க? ஒரு நாளு எப்படிப் போகும்?

மனநிலைக்காகக் காத்திருந்தால் ஆண்டுக்கு ஒரு கண்காட்சிக்குக்கூடப் படம் சேராது. நேரத்தைத் தீர்மானிப்பது வெளிச்சமே. வெளியிடத்தில் வரைவதென்றால் விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரை, பிறகு மாலை நான்கு மணிக்கு மேல். இடைப்பட்ட வெயிலில் நிழல் காலடியில் ஒடுங்கிச் சுவரும் மணலும் வெளுத்துவிடுவதால், அந்த நேரத்தைத் தாளை நனைத்துப் பலகையில் ஒட்டுதல், சட்டம் அடித்தல், ஆர்டர் படங்களை முடித்தல், கடிதங்களுக்கு விடை எழுதுதல் போன்ற உள்வேலைகளுக்கு வைத்துக்கொள்கிறேன். மாலையில் வகுப்பு. இரவு விளக்கில் வண்ணத்தைத் தொடுவதில்லை. கோட்டுப் பயிற்சியோடு சரி.

வெளிச்சம் எவ்வளவு தூரம் வேலையை ஆள்கிறது என்பதற்குத் தோவாளை மலர்ச்சந்தையைச் சொல்லலாம். விடியுமுன் வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழ் அரளியின் சிவப்பில் நீலம் ஏறியிருக்கும். பிச்சிப்பூ சற்றே பச்சை சாய்ந்து தெரியும். கிழக்கு வெளுத்ததும் அதே குவியல் முற்றிலும் வேறு நிறத்துக்கு வந்துவிடும். அங்கே கட்டப்படும் மாணிக்க மாலையில் அரளி இதழை மடித்து நொச்சி இலையோடு நெருக்கி அடுக்குவார்கள். ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் நூலளவு நிழல் ஒன்று விழும். அந்த நிழலை விட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் பூசினால் மாலை தாளோடு தாளாகத் தட்டையாகிவிடும். மாலை கட்டுபவரின் கை ஓரிடத்தில் நிற்காது என்பதால், கையின் வடிவத்தைப் பென்சிலில் பிடித்து, நிறங்களின் பெயரை ஓரத்தில் குறித்துக்கொண்டு, வண்ணத்தை வீட்டில் வந்துதான் ஏற்ற முடியும். சந்தையில் ஒரு மணி நேரம் என்றால் வீட்டில் அரை நாள் வேலை.

3. நம்ம ஊருல வரையதுக்குக் கடலும் சூரியனும் விட்டா வேற என்ன இருக்கு?

கடலும் சூரியனும் வாழ்த்து அட்டைக்குப் போதும், ஓவியருக்குப் போதாது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. ஒரே வயலை ஜூனில் ஒரு பச்சையாகவும் நவம்பரில் வேறொரு பச்சையாகவும் பார்க்கலாம். மலையிலிருந்து கடல்வரை ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரத்துக்குள் கீரிப்பாறைக் காடு, ஆரல்வாய்மொழியின் காற்றாலைகள், முட்டத்துப் பாறைகள், குளச்சல் வள்ளங்கள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. தொலைவுக்கோணம் பழக விரும்பும் மாணவர்களை மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கு அழைத்துச் செல்வேன். 115 அடி உயரத் தூண்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டு போவதைக் கீழே பறளியாற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்தால் பாடநூல் தேவைப்படாது.

முன்னோர் வரைந்தவையும் அருகிலேயே இருக்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையிலும் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலிலும் உள்ள சுவரோவியங்கள் காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பச்சை, கருப்பு, வெள்ளை எனச் சில நிறங்களுக்குள்ளேயே எவ்வளவு செய்துவிட முடியும் என்பதைக் காட்டுகின்றன. அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. சிதறால் மலையில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணப் புடைப்புச் சிற்பங்கள் பாறை முகத்திலேயே வெட்டப்பட்டிருப்பதால், சாய்வெயில் படும் நேரத்தில் போனால்தான் அவற்றின் ஆழம் கண்ணுக்குத் தெரியும்.

4. எனக்க மவளுக்கு நல்லா வரைய வருது. எங்க சேக்கலாம்?

பள்ளி வயதென்றால் அரசுத் தேர்வுத் துறை நடத்தும் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வின் கீழ்நிலையையும் மேல்நிலையையும் எழுதச் செய்யுங்கள். பின்னாளில் ஓவிய ஆசிரியர் பணிக்கும் அது உதவும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு பட்டப்படிப்புக்கு 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும் கும்பகோணத்து அரசுக் கல்லூரியும் உள்ளன. தூரத்தைப் பார்த்தால் நமக்கு அருகில் இருப்பது 1881-இல் தொடங்கிய திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரி. எங்கே சேர்வதானாலும் மதிப்பெண்ணோடு வரைதிறனையும் சோதிப்பார்கள் என்பதால், ஓராண்டுக்கு முன்பிருந்தே நேரில் பார்த்து வரைந்த படங்களைத் தேதியிட்டுச் சேர்த்துவர வேண்டும்.

ஒன்றை மட்டும் பெற்றோருக்கு அழுத்திச் சொல்வேன். சினிமா நடிகரின் முகத்தை அச்சு அசலாக வரைந்த படத்தைவிட, வீட்டு அடுக்களையின் மூலையைப் பிள்ளை தானே பார்த்து வரைந்த படத்தையே தேர்வாளர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள்.

5. இதுல சோறு கெடைக்குமா?

கிடைக்கும், ஆனால் முதல் தேதி சம்பளம் வருவதுபோல் வராது. படம் விற்ற மாதம் கையில் காசு புரளும், அடுத்த மூன்று மாதம் வகுப்புக் கட்டணத்தில் ஓடும். வளைகுடாவில் இருப்போர் விடுமுறைக்கு ஊர் வரும் காலத்தில் உருவப்பட ஆர்டர்கள் கூடும். கேலரி வழியாக விற்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை அவர்களுக்குப் போகும். அதைக் கொள்ளை என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. இடவாடகை, விளம்பரம், வாங்குவோர் தொடர்பு ஆகியவற்றுக்கான விலை அது. ஆனால் பங்கு எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வரும், விற்காத படத்தைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆர்டர் படத்துக்குப் பாதித் தொகையை முன்பணமாகப் பெறாமல் தூரிகையைத் தொடக் கூடாது. சொந்தக்காரராக இருந்தால் இந்த விதியை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

6. போட்டோ பாத்து வரையிறது குத்தமா?

குற்றமில்லை. கைப்பேசிப் படத்தில் நிழல் வெறும் கரியாகவும் வானம் வெறும் வெள்ளையாகவும் பதிந்துவிடும் என்பதை மறக்காமல், நேரில் குறித்த நிறக் குறிப்போடு சேர்த்துப் பயன்படுத்தினால் போதும். பிறர் எடுத்த படமென்றால் அவருடைய அனுமதி வேண்டும். காரணம் 16-ஆம் கேள்வியில் இருக்கிறது.

7. மழைக்காலத்துல தாளு பூத்துப் போகுது, பிரேம் ஆணி துரு ஏறுது. என்ன செய்ய?

நம் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். நீர்வண்ணத் தாளில் பூசப்படும் பசை பூஞ்சைக்கு நல்ல தீனி. சதுர மீட்டருக்கு 300 கிராம் (ஜி.எஸ்.எம்.) எடையுள்ள கனத்த பருத்தித் தாளாக இருந்தாலும், கட்டுப் பிரித்ததை இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால்தான் பழுப்புப் புள்ளி விழாது. புள்ளி விழுந்த இடம் வண்ணத்தை வேறு மாதிரி உறிஞ்சும். அதை எந்தத் திறமையாலும் மறைக்க முடியாது. வெளிப்புறச் சுவரில் படத்தை ஒட்டி மாட்டாமல், சட்டத்தின் பின்மூலைகளில் கார்க் துண்டு வைத்துச் சிறிது இடைவெளி விடுங்கள். கண்ணாடி நேராகத் தாளைத் தொடாதபடி நடுவே அட்டை ஓரம் கட்டாயம். ஆணிக்கும் ஸ்டேபிளுக்கும் துருப்பிடிக்காத எஃகு வாங்கினால் கடலோர வீடுகளிலும் தாங்கும்.

எண்ணெய் வண்ணத்தின் கதை வேறு. நீர் ஆவியாவதுபோல் எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை சில நாட்களில் வந்தாலும், தடிமனான பூச்சு உள்ளே இறுகப் பல மாதங்கள் ஆகும். வெளிநாட்டுக் கண்காட்சிக்கு எண்ணெய் ஓவியம் அனுப்ப நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும்.

8. வெளிநாட்டுக்கு எந்தக் கம்பெனி எடுத்திருக்கு? செலவு யாரு தருவா?

வெளிநாடு என்றால் வேலை விசா என்றே பழகிய மாவட்டத்தில் இப்படிக் கேட்பது இயல்பு. ஓவியரைக் கம்பெனி எடுப்பதில்லை. ரெசிடென்சி எனப்படும் தங்கிப் பணியாற்றும் வாய்ப்புக்கு அவரே விண்ணப்பிக்கிறார், அல்லது கண்காட்சி அமைப்பாளர் அழைக்கிறார். பாரிஸில் 1965 முதல் இயங்கும் சித்தே இன்டர்நேஷனல் தே ஸார் என்னும் கலைஞர் இல்லம் உலகெங்குமிருந்து ஓவியர்களைச் சில மாதங்கள் தங்கவைக்கிறது. பிரிட்டனுக்குக் குறுகிய காலம் போய்வரச் சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது. இன்லாக்ஸ் அறக்கட்டளை இளங்கலைஞர்களுக்கு உதவுகிறது. வளைகுடாவிலும் கலைக்கு இடமில்லாமல் இல்லை. ஷார்ஜா பியனாலே என்னும் ஈராண்டுக்கொருமுறைக் கலைக் கண்காட்சி 1993-இலிருந்து நடந்து வருகிறது.

சில இடங்கள் விமானச் சீட்டு, தங்குமிடம், மாதப்படி என மூன்றும் தருகின்றன. சில தங்குமிடம் மட்டும் தருகின்றன. சிலவற்றில் அந்த அறைக்கும் நாமே வாடகை கட்ட வேண்டும். அறிவிப்பின் முதல் பத்தியை விட்டுவிட்டுச் செலவுப் பத்தியை முதலில் படியுங்கள்.

விண்ணப்பத்தில் பார்ப்பது ஏறக்குறைய பதினைந்து இருபது படங்களின் தெளிவான ஒளிப்படம், அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பு, முந்தைய கண்காட்சிகளின் விவரம் ஆகியவற்றைத்தான். மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் சென்னை மண்டல மையக் கண்காட்சிகளிலும் தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழுவின் கண்காட்சிகளிலும் பங்கேற்றிருப்பது இந்த விவரத்துக்கு வலுச் சேர்க்கும். கலை பண்பாட்டுத் துறையின் மாவட்டக் கலை மன்றம் வயதுக்கேற்பக் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வழங்கும் விருதுகளையும் தயங்காமல் குறிப்பிடலாம். அந்தப் பதினைந்து படங்களும் ஒரே கண் பார்த்தவையாக இருக்க வேண்டும் என்பதே கடினமான பகுதி. அது 2-ஆம் கேள்வியில் சொன்ன அன்றாட வேலையிலிருந்து மட்டுமே வரும். விண்ணப்பத் தேதிக்கு முந்தைய வாரத்தில் வராது.

9. இத்தாலியில கண்காட்சி, உங்க படத்தத் தேர்ந்தெடுத்துட்டோம், 300 யூரோ கட்டுங்கன்னு மெயில் வருது. நம்பலாமா?

பெரும்பாலும் வேண்டாம். படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் விண்ணப்பத்துக்குச் சிறு கட்டணம் கேட்பது உண்டு. தேர்வான பிறகு சுவரில் மாட்டப் பணம் கேட்பது, சுவரை வாடகைக்கு விடும் வணிகம். அது சட்டத்துக்குப் புறம்பானதென்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களுடைய வருமானம் ஓவியரிடமிருந்தே வந்துவிடுவதால், படம் விற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

சோதிக்க எளிய வழிகள் உண்டு. நீங்கள் விண்ணப்பிக்காமலே அழைப்பு வந்ததா, உங்கள் படம் எதையாவது பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்களா, முந்தைய ஆண்டு பங்கேற்றவர்களில் இருவருக்கு எழுதிக் கேட்டால் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். அந்தத் தொகைக்குக் கொச்சி பியனாலே நடக்கும் ஆண்டில் அங்கே போய் ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு வரலாம். 2012-இல் தொடங்கிய அந்தக் கண்காட்சியில் ஒரு வாரம் பார்ப்பது, பெயர் தெரியாத கேலரியின் மூலையில் ஒரு படம் தொங்குவதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

10. விசா நேர்காணல்ல 'ஓவியர்'ன்னு சொன்னா சந்தேகப்படுவாங்களா?

தொழிலைப் பார்த்துச் சந்தேகப்படுவதில்லை. திரும்பி வருவதற்கான சான்று குறைவாக இருந்தால் சந்தேகப்படுவார்கள். மாதச் சம்பளச் சீட்டு இல்லாத நமக்கு வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கை, ஆர்டர் ஒப்பந்தங்கள், வகுப்பு நடத்துவதற்கான பதிவுகள் ஆகியவைதான் அந்தச் சான்று. கணக்கே தாக்கல் செய்யாமல் இருந்துவிட்டுப் பயணத்துக்கு முந்தைய மாதம் வங்கியில் பெரிய தொகை போட்டால் அது உதவாது, உறுத்தும்.

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய கால விசா 180 நாட்களுக்குள் 90 நாள் என்ற கணக்கில் தரப்படுகிறது. அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கு, பயணத்துக்கு ஆறு மாதத்துக்குள்ளும் பதினைந்து நாளுக்குக் குறையாமலும் விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். அழைப்புக் கடிதத்தில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தால் இங்கே குழப்பம் வருவதுண்டு; அமைப்பாளருக்குக் கடவுச்சீட்டின் நகலை முதலிலேயே அனுப்பிவிடுங்கள். பார்வையாளர் விசாவில் போய் நேரடியாகப் படம் விற்பது பல நாடுகளில் சிக்கலுக்கு இடம் தரும். விற்பனையை அங்குள்ள கேலரி தன் பெயரில் செய்து, பணத்தை உங்கள் இந்திய வங்கிக் கணக்குக்கு அனுப்புவதே பாதுகாப்பு.

11. பெயின்ட் டியூபெல்லாம் பிளைட்டுல கொண்டுபோக விடுவாங்களா?

வில்லை வடிவ நீர்வண்ணம் திடப்பொருள், கைப்பையில் வைக்கலாம். டியூபுகள் கைப்பைக்கான 100 மில்லி திரவ விதிக்குள் வரும் என்பதால், விமானத்தில் சரக்காக ஏற்றும் பெட்டியில் போடுவது எளிது. எண்ணெய் வண்ணம் தாவர எண்ணெயில் அரைக்கப்பட்டது, எளிதில் தீப்பற்றாது. தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தகவல் தாளை அச்சிட்டு டியூபுகளோடு வையுங்கள். டர்பன்டைன், தின்னர், வார்னிஷ், ஸ்பிரே ஆகியவற்றுக்கு இரண்டிலும் இடமில்லை. போய்ச் சேர்ந்த ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டும். தட்டுக் கத்தியும் பிளேடும் பெட்டியில்தான்.

12. படத்த எப்படிக் கட்டி அனுப்பணும்? வழியில நாசமாயிடாதா?

சட்டமில்லாமல் சுருட்டிக் கொண்டுபோவது மலிவும் பாதுகாப்பும் ஆகும். வண்ணம் பூசிய பக்கம் உள்ளே இருந்தால் காப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் சுருட்டினால் வண்ணப் படலம் நெருக்குண்டு மடியும், பிரிக்கும்போது வெடிக்கும். வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி, அகன்ற குழாயின் மேல் தளர்வாகச் சுருட்டி, நடுவே மெழுகு ஏறாத மெல்லிய கிளாசின் தாள் வைத்து, அந்தச் சுருளை இன்னும் பெரிய பி.வி.சி. குழாய்க்குள் தொங்கலாக நிறுத்த வேண்டும். முழுதும் இறுகாத எண்ணெய் ஓவியத்தைச் சுருட்டவே கூடாது (7-ஆம் கேள்வி).

மரப்பெட்டியில் அனுப்புவதென்றால் மரத்தை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றிப் பூச்சி நீக்கிய முத்திரை வேண்டும். இல்லாவிட்டால் போய்ச் சேரும் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி பொருந்தாது. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ உள்ள தச்சரிடம் சட்டம் உட்பட முழுதும் ஒட்டுப்பலகையில் செய்து வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

கண்காட்சி முடிந்து திரும்பி வரவேண்டிய படங்களுக்கு ஏ.டி.ஏ. கார்னே என்ற தற்காலிகச் சுங்க ஆவணம் உண்டு. இந்தியாவில் வணிக, தொழில் அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபிக்கி வழங்குகிறது, ஓராண்டு செல்லும். ஒரு குழுக் கண்காட்சிக்கு இது ஏற்றது. இரண்டு மூன்று படங்களை மட்டும் கையோடு கொண்டுபோகும் ஓவியர், புறப்படும் விமான நிலையத்தின் சுங்கப் பிரிவில் படங்களின் பட்டியலையும் ஒளிப்படத்தையும் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவைத்தால், திரும்பும்போது தன் படத்துக்கே வரி கேட்கும் நிலை வராது. இதற்காக வழக்கமாகப் போகும் நேரத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

13. அங்க போய் என்ன செய்வீங்க? ஊரு சுத்திப் பாப்பீங்களா?

காலையில் வேலை, மாலையில் வேலை; இடையில் அருங்காட்சியகம். இங்கே செய்வதை அங்கே செய்வதுதான். மாறுவது வெளிச்சம். நாகர்கோவில் ஏறத்தாழ 8 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஒரு மணி நேர வேறுபாடுகூட இல்லை. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கும். பாரிஸில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரம். டிசம்பரில் 8 மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 20 பாகை உயரம்கூட ஏறுவதில்லை.

இந்தக் கணக்கு தாளில் என்ன செய்கிறது என்றால், நமக்கு விடியலிலும் அந்தியிலும் சிறிது நேரமே கிடைக்கும் நீண்ட சாய்நிழல் அங்கே குளிர்காலம் முழுதும் பகலெல்லாம் கிடைக்கிறது. ஆற்றங்கரை மரத்தின் நிழலைப் பதற்றமின்றி ஒரு மணி நேரம் பார்த்து வரையலாம். நம் ஊரில் சூரியன் மறைந்ததும் இருபது நிமிடத்தில் நிறங்கள் அடங்கிவிடும். அங்கே கோடையில் இரவு பத்து மணிக்கும் வானம் நீலமாக இருக்கும். சூடாக்கிய அறையின் வறண்ட காற்றில் நீர்வண்ணம் நொடியில் காய்வதால், ஈரத்தின் மேல் ஈரம் ஏற்றும் நம் பழக்கம் அங்கே கைகொடுக்காது. சங்குத்துறைக் கடற்கரையில் ஆகஸ்ட் மாதத்தில் தாள் காயவே காயாதென்று சலித்துக்கொண்டவர்களுக்கு, அந்தத் தாமதம் எவ்வளவு வசதி என்பது அப்போதுதான் விளங்கும்.

அருங்காட்சியகங்களில் பென்சிலால் வரையப் பெரும்பாலும் தடையில்லை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அமராவதிப் பௌத்தச் சிற்பங்களை அங்கே உட்கார்ந்து வரையலாம். பாரிஸ் லூவரில் வண்ணத்தால் படியெடுக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். படி, மூலத்தின் அளவிலேயே இருக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. செவ்வாய்க்கிழமை லூவருக்கு விடுமுறை.

14. பாஷை தெரியாது, மீன் கறியும் சோறும் இல்லாம முடியுமா?

ஓவியர் இல்லங்களில் பொது அடுக்களை இருக்கும். அரிசி எங்கும் கிடைக்கும். நெத்திலிக் கருவாட்டைக் கொண்டுபோகலாமா என்று கேட்காதவர் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சி, பால் பொருள்களைக் கொண்டுவரத் தடை உண்டு, மீனுக்கு எடை வரம்போடு அனுமதி உண்டு என்றாலும், ஓவியத் தாளும் கருவாடும் ஒரே பெட்டியில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மொழிக்கு, எளிய ஆங்கிலமும் கையில் ஒரு வரைபுத்தகமும் போதும்.

15. போய்ட்டு வந்தா நம்ம பாணி கெட்டுப் போகாதா?

போவதாலோ போகாமலிருப்பதாலோ பாணி கெடுவதில்லை என்பதற்கு இரண்டு ஓவியர்களைச் சொல்லலாம். கிளிமானூர் ரவி வர்மா, நம் மாவட்டமும் சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூர்க்காரர். அவர் கடல் கடந்ததே இல்லை. படங்கள்தான் கடந்தன: 1873-இல் வியன்னாவிலும் 1893-இல் சிகாகோவிலும் பரிசு பெற்றன. நாட்டைவிட்டுப் போகாத அவர் கையாண்டது முழுக்க ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறை.

கே.சி.எஸ். பணிக்கர் 1954-இல் ஐரோப்பாவுக்குப் போய்ப் படங்களைக் காட்டிவிட்டு வந்தவர். அதன் பிறகு 1960-களில் அவர் வரைந்த வரிசையில்தான் மலையாள எழுத்துகளும் சோதிடக் கட்டங்களும் திரைச்சீலைக்கு வந்தன. 1966-இல் சென்னையை அடுத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானதும் அவர் முயற்சியில்தான். வெளியே போய்வந்தவரின் படத்தில் ஊர் கூடியிருக்கிறது, போகாதவரின் படத்தில் ஐரோப்பா கூடியிருக்கிறது. ஆகவே பாணியைக் காப்பதற்காகப் பயணத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் தேங்காய்ப்பட்டணத்துக் கடலை லண்டன் சாம்பல் நிறத்தில் பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில மாதங்களில் தெளிந்துவிடும்.

16. படத்த வாங்கினவரு அதக் காலண்டர்ல அச்சடிச்சு வித்தா கேக்க முடியுமா?

முடியும், ஆனால் படம் எப்படி உருவானது என்பதைப் பொறுத்து. உங்கள் விருப்பத்தில் வரைந்த படத்தை (1-ஆம் கேள்வியின் இரண்டாவது வகை) ஒருவர் வாங்கினால், அவருக்குப் போவது அந்தப் பொருள் மட்டுமே. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை உங்களிடமே இருக்கும். உங்கள் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் வாரிசுகளிடம் இருக்கும். மாறாக, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் அவரே. ஆர்டர் படத்தை நீங்கள் அச்சிட்டு விற்க நினைத்தால் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும்.

படத்தைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை விற்ற பிறகும் ஓவியரிடமே இருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தம் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்துச் சேதப்படுத்தியதற்காக அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில் 2005-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் ஓவியர் பங்கு கேட்கலாம் என்ற பிரிவும் சட்டத்தில் உண்டு. நடைமுறையில் யாரும் தாமாகக் கொண்டுவந்து தரமாட்டார்கள்.

17. மயிலாடியில சிலை செய்யிறவங்களுக்கும் இதே ரூல்தானா?

பாதி மட்டும். முதல் வேறுபாடு எடை: ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ இருக்கும் என்பதால் விமானப் பேச்சே எழாது, கப்பல்தான். ஆகவே பெரிய பணிகளை இங்கே செதுக்கி, துண்டுகளுக்கு எண்ணிட்டு அனுப்பி, சிற்பிகள் பின்னால் போய் அங்கே பொருத்துவதே வழக்கம். குமரிக் கடலில் 133 அடித் திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில் ஹவாயின் கவாய் தீவில் எழுந்த இறைவன் கோயிலுக்கும் கற்கள் பெங்களூரில் செதுக்கப்பட்டுத்தான் கப்பலேறின.

இரண்டாவது, தொல்பொருள் சட்டம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு பழமையான சிற்பமும் ஓவியமும் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது; ரவி வர்மா, அமிர்தா ஷெர்-கில், ஜாமினி ராய் உட்பட 9 ஓவியர்களின் படங்களுக்கு வயது குறைவாக இருந்தாலும் இதே தடை உண்டு. நேற்றுச் செதுக்கிய சிலையும் மரபு வடிவில் இருப்பதால் சுங்க அதிகாரிக்குப் பழையதாகத் தோன்றலாம். தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்னதாகவே வாங்கிவிட வேண்டும்; கல் வாங்கிய ரசீதும், செதுக்கும்போது கட்டம் கட்டமாக எடுத்த ஒளிப்படங்களும் அதற்கு உதவும்.

மூன்றாவது, ஆட்களுக்கான விதி. பத்தாம் வகுப்பு தேறாத சிற்பி மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்காகப் போனால் அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும். கோயில் பணிக்குத்தானே போகிறோம் என்று பார்வையாளர் விசாவில் போவது இங்கே பரவலாக நடக்கிறது. கூலி நின்றுபோனாலோ கல் சரிந்து காயம் பட்டாலோ வேலை ஒப்பந்தம் இல்லாதவருக்குத் தூதரகம் செய்யக்கூடியது மிகக் குறைவு. கோயில் நிர்வாகத்திடம் வேலை விசாவும், ஊதியமும் காப்பீடும் எழுதிய ஒப்பந்தமும் கேளுங்கள். இரண்டும் கைக்கு வந்த பிறகு சீட்டுப் போடுங்கள்.